அம்மிக்கு அறுபது ரூபாய்

மாநிலம் விட்டு மாநிலம் வீடு மாறுகிறவர்கள் இரண்டு வகை. ஆபீஸ் செலவில் மாறுகிறவர்கள் ஒரு வகை. சொந்தக் காசில் மாறுகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகைக்காரர்கள் தாராளமாக அடுத்த பக்கம் போய் ஜோக் படிக்கலாம். தேய்ந்த விளக்குமாறு, பழைய பேப்பர் கட்டு உட்பட எல்லாவற்றையும் யாரோ வந்து சுற்றி, ஏற்றி, அங்கே இறக்கியும் வைத்துவிடுவார்கள். கையெழுத்துப் போடுவது மட்டும்தான் உங்கள் வேலை.

இரண்டாவது வகைக்காரர்கள் கொஞ்சம் இருங்கள். உங்களோடுதான் பேச்சு.

புது ஊரில் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்கள். பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டிவிட்டீர்கள். பேங்க் பாஸ்புக்கைப் பார்த்தால் அழுகை வருகிறது. இந்த நேரம் பார்த்து மூன்று 'பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்' ஆட்களுக்குப் போன் போடுகிறீர்கள். மூன்று பேரும் மூன்று தொகை சொல்கிறார்கள். ஒருவர் சொன்னதில் பாதிதான் இன்னொருவர் சொல்கிறார். உடனே நமக்கு அந்தப் பாதி ஆசாமி மேல் பாசம் பிறந்துவிடும். 'இவர் நல்ல மனுஷர் போலிருக்கே!'

அவசரப்படாதீர்கள். பாதித் தொகைக்காரரைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். முதலில் லாரி எப்படிக் கணக்குப் போடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அது தெரிந்துவிட்டால் பேரம் பேசவே பாதி அவசியம் இருக்காது.

நாம் எல்லோரும் எடையைத்தான் பயப்படுகிறோம். 'பீரோ கனமா இருக்குமே, புஸ்தகம் கனமா இருக்குமே' என்று. லாரிக்காரர் பார்ப்பது எடையை இல்லை. இடத்தை. பதினான்கு அடி வண்டி என்று ஒன்று சொல்வார்கள். நீளம் 14 அடி, அகலமும் உயரமும் சுமாராக ஆறாறு அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 504 கன அடி. இரண்டு பெட்ரூம் வீட்டுச் சாமானில் வண்டி நிரம்பிவிடும். ஆனால் அது தாங்கக்கூடிய எடையில் பாதிகூட ஏறியிருக்காது. நீங்கள் வாடகை கொடுப்பது அந்த 504 கன அடிக் காற்றுக்குத்தான்.

பேச்சுக்கு, ஏற்றி இறக்குவது எல்லாம் சேர்த்து அந்த வண்டிக்கு 30,000 ரூபாய் என்று வையுங்கள். உங்கள் ஊருக்கும் தூரத்துக்கும் இது கூடும், குறையும். கணக்கு புரிவதற்காகச் சொல்கிறேன். கன அடிக்கு ஏறக்குறைய 60 ரூபாய் ஆகிறது. இனி ஒரு இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள்.

மூன்று பேர் உட்காரும் சோபா. ஆறரை அடி நீளம், மூன்றடி உயரம், இரண்டரை அடி ஆழம். கிட்டத்தட்ட 49 கன அடி. அதாவது 2,900 ரூபாய் சொச்சம். வண்டியில் பத்தில் ஒரு பங்கை அது ஒன்றே அடைத்துக்கொள்கிறது. அதற்குள்ளே எதையும் திணிக்கவும் முடியாது, மேலே கனமாக எதையும் அடுக்கவும் முடியாது.

ஃபிரிட்ஜ் 20 கன அடி. 1,200 ரூபாய். கழற்றிய கட்டிலும் மெத்தையும் 30 கன அடி. 1,800 ரூபாய்.

ஒன்றரை அடிக்கு ஓரடிக்கு ஓரடி அட்டைப் பெட்டியில் புத்தகம் போட்டால் 25 கிலோ வரும். தூக்குகிறவர் முறைப்பார். ஆனால் இடம் ஒன்றரை கன அடிதான். 90 ரூபாய். இருபது பெட்டி, அரை டன் புத்தகம், கட்டில் அடைக்கிற அதே இடத்தில் உட்கார்ந்துவிடும்.

புரிகிறதா? நாம் பாரம் என்று நினைக்கிறவை மலிவு. லேசு என்று நினைக்கிறவை விலை. பிளாஸ்டிக் டப், காலி டிரம், ஸ்பாஞ்ச் மெத்தை, டீப்பாய், தொட்டில், குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள்... இவையெல்லாம் காற்றைச் சுமந்துகொண்டு போகிற சாமான்கள். அந்தக் காற்றுக்குக் காசு கொடுப்பது நீங்கள்.

நாங்கள் சென்னையிலிருந்து புனேவுக்கு மாறியபோது வீட்டில் ஒரு பஞ்சாயத்து நடந்தது. பட்ஜெட் இடித்தது. எதையாவது விட்டுவிட்டுப் போக வேண்டும். எல்லோரும் கூடிப் பேசி ஒருமனதாக எடுத்த முதல் முடிவு, அம்மாவின் அம்மிக்கல்.

"மிக்ஸி இருக்கு, கிரைண்டர் இருக்கு. ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் தூரம் கல்லைச் சுமந்துக்கிட்டுப் போறதா? கேக்கறவங்க சிரிப்பாங்க" என்றார்கள்.

அம்மா ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அது எங்கம்மா வச்சிருந்ததுடா. அரைக்கணும்னு இல்ல. இருந்தா நல்லாருக்கும். முடியலன்னா பரவால்ல" என்றாள்.

நான் டேப்பை எடுத்து அளந்தேன். ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், அரை அடி உயரம். குழவியோடு சேர்த்தால் ஒரு கன அடி. அறுபது ரூபாய்! அதே சமயம், 2,900 ரூபாய் சோபாவை விட்டுவிடலாமா என்று அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஏனென்றால் சோபா வாங்கின விலை எல்லோருக்கும் ஞாபகமிருந்தது. அம்மிக்கு விலைச்சீட்டு கிடையாது.

சோபாவை விற்றோம். அம்மி வந்தது.

எல்லா வீட்டிலும் இதுதான் நடக்கிறது, கவனித்துப் பாருங்கள். செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் முதல் வெட்டு, வீட்டில் குறைவாகச் சத்தம் போடுகிறவரின் சாமான் மேல்தான் விழும். பெரியவரின் ஈஸி சேர். பாட்டியின் பித்தளைச் சொம்பு. மனைவியின் தையல் மெஷின். ஏழு வயசுப் பெண் சேர்த்து வைத்திருக்கிற கிளிஞ்சல் டப்பா. குடும்பத் தலைவரின் ஹோம் தியேட்டர் பெட்டிகள் பட்டியலில் முதல் பெயராக இருக்கும். அதனால்தான் டேப் எடுங்கள் என்கிறேன். டேப்புக்கு யார் சம்பாதிக்கிறார்கள், யார் சம்பாதிக்கவில்லை என்று தெரியாது.

அப்படியானால் எதை எடுத்துப் போவது, எதை விடுவது? கணக்கு ரொம்ப சுலபம். ஒரு சாமானை இங்கே விற்றால் என்ன கிடைக்கும்? அதே மாதிரி பழைய சாமானை அங்கே வாங்க என்ன ஆகும்? இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைவிட லாரிச் செலவு அதிகமென்றால் விட்டுவிடுங்கள். பழைய சோபா இங்கே 3,000 போகும், அங்கே 5,500-க்கு ஒன்று கிடைக்கும் என்றால் வித்தியாசம் 2,500. லாரிச் செலவு 2,900. தவிர, சுற்றுவதற்கு பபிள் ஷீட், கால் உடையுமோ என்கிற கவலை, புது வீட்டு வாசலில் நுழையுமோ என்கிற சந்தேகம். விட்டுவிடலாம்.

எங்கேயும் வாங்க முடியாத சாமான்கள் இந்தக் கணக்குக்குள் வராது. புனேயிலும் அம்மி உண்டு. மராத்தியில் 'பாட்டா வரவண்ட்டா' என்பார்கள். கடையில் கிடைக்கும். ஆனால் அது அம்மாவின் அம்மா வைத்திருந்த அம்மி ஆகாது. இப்படிப்பட்ட சாமான்களுக்கு ஆளுக்கு இரண்டு பெட்டி என்று ஒதுக்கிவிடுங்கள். அதற்குள் என்ன வைக்கிறார்கள் என்று யாரும் கேள்வி கேட்கக் கூடாது. வீட்டில் நான்கு பேர் என்றால் எட்டுப் பெட்டி. பன்னிரண்டு கன அடி. எழுநூற்றுச் சொச்சம் ரூபாயில் வீட்டு அமைதி கிடைத்தால் கசக்கிறதா?

இதில் ஒரு எச்சரிக்கை. முழு வண்டி எடுக்காமல், பத்துப் பதினைந்து பெட்டிகளை மட்டும் லாரி பார்சல் ஆபீஸில் புக் செய்கிறவர்களுக்குக் கணக்கு தலைகீழ். அங்கே தராசு உண்டு. எடைக்கும் காசு. அந்த வழியில் அம்மியும் புத்தகமும் விலை கூடிவிடும். எந்த வழி என்று முடிவு செய்துவிட்டுச் சாமானைக் கழியுங்கள்.

வழிகள் மூன்று. முதலாவது, முழு வண்டி. உங்கள் சாமான் மட்டும் போகும். சென்னையில் ஏற்றினால் வேலூர், கிருஷ்ணகிரி, ஒசூர், பெங்களூர், ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர் வழியாக இரண்டு மூன்று நாளில் புனே. இரண்டாவது, பங்கு வண்டி. உங்கள் சாமானோடு இன்னும் இரண்டு மூன்று குடும்பத்துச் சாமானும் ஏறும். காசு குறைவு. ஆனால் வண்டி நிரம்புகிற வரை கோடவுனில் காத்திருக்கும். வழியில் இறக்கி, வேறு வண்டிக்கு மாற்றவும் செய்வார்கள். ஒரு வாரம், பத்து நாள்கூட ஆகலாம். இறக்கி ஏற்றுகிற ஒவ்வொரு தடவையும் உங்கள் கண்ணாடிச் சாமானுக்கு ஒரு கண்டம்.

மூன்றாவது, ரிட்டர்ன் லோடு. இங்கேதான் நிஜமான மிச்சம் இருக்கிறது. மகாராஷ்டிராவிலிருந்து கோயம்பேட்டுக்கு வெங்காயம் கொண்டுவருகிற லாரி, திரும்பிப் போகும்போது காலியாகப் போக விரும்பாது. டீசலும் டோலும் எப்படியும் செலவுதான். கிடைத்தவரை லாபம் என்று குறைந்த வாடகைக்கு வரும். லாரி புக்கிங் ஆபீஸ்களில் விசாரித்தால் சொல்வார்கள். ஆனால் பேக்கிங், ஏற்றுக் கூலி, இறக்குக் கூலி எல்லாம் உங்கள் பாடு. கிளம்பும் நாளும் அவர்கள் சொல்வதுதான். திறந்த வண்டி என்றால் தார்ப்பாயை நீங்களே நின்று கட்டச் சொல்லுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை கோலாப்பூர், சத்தாரா பக்கம் பெய்கிற மழை நம்ம ஊர்த் தூறல் இல்லை.

நாள் பார்ப்பதிலும் காசு இருக்கிறது. நம்மவர்கள் ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாற மாட்டார்கள். வெளிமாநில லாரிக்கு ஆடியும் கிடையாது, அமாவாசையும் கிடையாது. ஸ்கூல் திறக்கிற மே கடைசி, ஜூன் ஆரம்பம், அப்புறம் எல்லா மாதத்திலும் கடைசி நான்கு நாள், இவைதான் அவர்களுக்குக் கிராக்கிக் காலம். மாத நடுவில், வாரத்தின் நடுவில் கேட்டுப் பாருங்கள். குரலிலேயே வித்தியாசம் தெரியும்.

இப்போது அந்தப் பாதித் தொகைக்காரரிடம் வருவோம்.

எனக்குத் தெரிந்த ஒருவருக்கு நடந்தது. கம்பெனிப் பெயர் வேண்டாம். போனிலேயே ரேட் பேசி, அட்வான்ஸ் அனுப்பி, சாமானை ஏற்றி அனுப்பிவிட்டார். மூன்றாம் நாள் போன் வந்தது. "சார், நீங்க சொன்னதைவிட சாமான் அதிகமா இருக்கு. பதினெட்டாயிரம் கூடக் குடுத்தாத்தான் வண்டி நகரும்." வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டால் பதிலில்லை. புது ஊர். வீட்டில் பாய்கூட இல்லை. பிள்ளைகளின் யூனிஃபார்ம், மார்க் ஷீட், மாமியாரின் மருந்துச் சீட்டு எல்லாம் லாரியில். என்ன செய்வார்? கொடுத்தார். கொடுக்க வேண்டியிருக்கும் என்று அவர்களுக்கும் தெரியும். சாமானை ஏற்றும் வரைதான் நாம் கஸ்டமர். ஏற்றியபின் நம் குடித்தனம் அவர்கள் கையில்.

இதைத் தடுக்க வழி உண்டு. எல்லாமே காகிதம்தான்.

முதலில், வீட்டுக்கு வந்து சாமானைப் பார்க்காமல் ரேட் சொல்கிறவரை விட்டுவிடுங்கள். வந்து பார்த்தபின் பட்டியல் போட்டு, அந்தப் பட்டியலுக்கு இவ்வளவுதான், எத்தனை மாடி, லிஃப்ட் உண்டா, ஜி.எஸ்.டி. உள்பட்டதா என்று எழுதி வாங்குங்கள். அட்வான்ஸ் கொஞ்சமாக இருக்கட்டும். பெரும்பகுதி சாமான் இறங்கியபின்.

இரண்டாவது, லாரி ரசீது. எல்.ஆர். என்பார்கள், ஜி.ஆர். என்றும் சொல்வார்கள். வண்டி எண்ணும் சாமான் எண்ணிக்கையும் அதில் இருக்க வேண்டும். கிளம்பும் முன் வண்டியின் நம்பர் பிளேட்டையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, மதிப்பு. 1865-ஆம் வருடத்துப் பழைய சட்டத்துக்குப் பதிலாக 'கேரேஜ் பை ரோடு ஆக்ட்' என்று 2007-ல் ஒரு சட்டம் போட்டு, 2011 மார்ச்சிலிருந்து அமலில் இருக்கிறது. சாமான் தொலைந்தாலோ உடைந்தாலோ லாரிக் கம்பெனிக்குப் பொறுப்பு உண்டு. ஆனால் சாமானின் மதிப்பை எழுதிக் கொடுத்துக் கூடுதல் ரிஸ்க்குக்குக் காசு கட்டாவிட்டால் அந்தப் பொறுப்புக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். வாடகையின் பத்து மடங்கு வரைதான். அதுவும் நீங்கள் எழுதிக் கொடுத்த மதிப்பைத் தாண்டாது. ஆகவே பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் நேரே மதிப்பை எழுதுங்கள். நஷ்டம் என்றால், புக் செய்த தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். போனில் திட்டுவது நோட்டீஸ் ஆகாது.

'இன்ஷூரன்ஸ்' என்று தனியாக ஒரு சதவீதம் வாங்குவார்கள். நல்லதுதான். எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனி, பாலிசி நம்பர் என்ன, பேப்பர் எங்கே என்று கேளுங்கள். பேப்பர் இல்லையென்றால் அது இன்ஷூரன்ஸ் இல்லை. வெறும் கட்டணம்.

நான்காவது, இல்லாத செலவுகள். 'ஈ-வே பில் போடணும் சார், செக்போஸ்ட்ல குடுக்கணும் சார், ஆக்ட்ராய் இருக்கு சார்' என்று சில்லறைகள் வரும். வீட்டில் பயன்படுத்திய சொந்தச் சாமான்களுக்கு ஈ-வே பில் தேவையில்லை என்று விதியிலேயே விலக்கு இருக்கிறது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது மாநில எல்லைகளில் இருந்த விற்பனை வரிச் செக்போஸ்ட்டுகளையும் எடுத்துவிட்டார்கள். ஆக்ட்ராயும் அதோடு போயிற்று. 'இது பழைய வீட்டுச் சாமான், விற்பனைக்கு அல்ல' என்று ஒரு கடிதமும் பட்டியலும் டிரைவர் கையில் இருந்தால் போதும்.

ஒருவேளை தகராறு என்றே வந்துவிட்டால்? பழைய ஊருக்கு அலைய வேண்டியதில்லை. 2019-ஆம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் இப்போது குடியிருக்கும் ஊரிலேயே நுகர்வோர் கமிஷனில் புகார் கொடுக்கலாம்.

லாரியில் ஏற்றாமல் தனியாகப் போக வேண்டியவை சில. டூ வீலரை ரயிலில் அனுப்புவது இன்றைக்கும் நல்ல வழி. பெட்ரோலை ஒரு சொட்டு விடாமல் எடுத்துவிட வேண்டும். ஸ்டேஷன் வாசலிலேயே சாக்கு சுற்றிக் கட்டித் தருகிறவர்கள் இருப்பார்கள். ஆர்.சி. நகல், அடையாள அட்டை வேண்டும். அந்த ஊரில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அதற்கு இங்கே உள்ள ஆர்.டி.ஓ. ஆபீஸில் என்.ஓ.சி. வாங்க வேண்டும். 28-ஆம் நம்பர் படிவம். கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். அப்புறம் அதற்காக ஒரு தடவை ரயிலேறி வந்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் டிக்கெட்டுக்குப் போய்விடும்.

கேஸ் சிலிண்டரை லாரியில் ஏற்றவே கூடாது. ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்தால் முன்பு கட்டிய டெபாசிட்டைத் திருப்பிக் கொடுத்து டிரான்ஸ்ஃபர் வவுச்சர் தருவார்கள். அதைக் காட்டி அங்கே புதிதாக வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அங்கே கட்டுவது அன்றைய டெபாசிட். 2022 ஜூனில் 14.2 கிலோ சிலிண்டருக்கு அது 1,450-லிருந்து 2,200 ரூபாய் ஆனது. பழைய கனெக்‌ஷன்காரர்கள் இந்த வித்தியாசத்தை பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செடிகள் வேண்டாம். மூடிய வண்டியில் மூன்று நாள் வெயிலும் தண்ணீரும் இல்லாமல் தாங்காது. துளசியைப் பக்கத்து வீட்டு மாமியிடம் கொடுத்துவிட்டு, காய்ந்த கதிரை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துப்போங்கள். அங்கே முளைக்கும்.

பேக்கிங்கை நீங்களே செய்தால் நல்ல மிச்சம். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே பழைய வேட்டி, நூல் புடவை. இவற்றையும் எப்படியும் கொண்டுபோகத்தான் வேண்டும், தனி இடம் மிச்சம். அண்டாவுக்குள் குண்டா, குண்டாவுக்குள் சொம்பு, சொம்புக்குள் கரண்டி. கிரைண்டரில் குழவிக் கல்லைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள். இல்லையென்றால் வழி முழுக்க அது டிரம்மை இடித்துக்கொண்டே வரும். ஃபிரிட்ஜை முதல் நாளே அணைத்து, ஐஸ் கரைந்து, துடைத்து, நின்ற வாக்கிலேயே ஏற்ற வேண்டும். போன உடனே பிளக்கை மாட்டாதீர்கள். சில மணி நேரம் விடுங்கள். முன்பக்கம் கதவு உள்ள வாஷிங் மெஷினுக்கு, வாங்கியபோது பின்னால் போட்டிருந்த போல்ட்டுகள் இருக்கும். தேடி எடுத்துத் திரும்ப மாட்டுங்கள். கட்டில் ஸ்குரூவை ஒரு கவரில் போட்டு அந்தக் கட்டில் சட்டத்திலேயே கட்டிவிடுங்கள். 'பத்திரமா வச்சிருக்கேன்' என்று தனியாக வைத்த ஸ்குரூ எந்த வீட்டிலும் திரும்பக் கிடைத்ததாகச் சரித்திரம் இல்லை.

பெட்டி மேல் 'வெள்ளிச் சாமான்', 'பட்டுப்புடவை' என்று எழுதி ஊருக்கு அறிவிக்காதீர்கள். நம்பர் மட்டும் போடுங்கள். எந்த நம்பரில் என்ன என்பது உங்கள் நோட்டில் இருக்கட்டும். நகை, பணம், பத்திரம், டி.சி., மார்க் ஷீட், டாக்டர் சீட்டு, இரண்டு நாள் துணிமணி, ஒரு சின்னக் குக்கர், ஒரு பாய், அப்புறம் உப்பு, மஞ்சள், சாமி படம். இவை லாரியில் ஏறவே கூடாது. உங்கள் கையோடு வர வேண்டும். ரயிலில் ஸ்லீப்பரிலும் ஏ.சி. மூன்றடுக்கிலும் ஆளுக்கு 40 கிலோ வரை இலவசம். லாரி ஒரு வாரம் தாமதமானாலும் பால் காய்ச்சி, சாதம் வடித்து, குடித்தனத்தை ஆரம்பித்துவிடலாம். அவசரம் இல்லாதவரை யாரும் மிரட்ட முடியாது.

லாரி வந்து நிற்கும். இறக்குகிறவர்கள் அவசரப்படுத்துவார்கள். "கையெழுத்துப் போடுங்க சார், அடுத்த லோடு இருக்கு." நீங்கள் அசையாதீர்கள். வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நோட்டை வைத்து நம்பர் நம்பராக டிக் அடியுங்கள். இந்த வேலையை வீட்டில் ஒரு குழந்தையிடம் கொடுத்தால் பிரமாதமாகச் செய்யும். உடைந்திருந்தால், குறைந்திருந்தால், கையெழுத்துக்கு மேலே அதை எழுதுங்கள். 'இருபத்து மூன்றாம் நம்பர் பெட்டி நசுங்கியுள்ளது' என்று ஒரு வரி. பின்னால் ஆயிரம் போன் பேசுவதைவிட அந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம்.

எல்லாம் இறங்கியபின் பாருங்கள், வீடு காலியாகத்தான் இருக்கும். சோபா இல்லை. டைனிங் டேபிள் இல்லை. ஹாலில் பேசினால் எதிரொலிக்கும். பதறிப்போய் அன்று சாயங்காலமே கடைக்கு ஓடாதீர்கள். ஒரு மாதம் தரையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். எது இல்லாமல் நிஜமாகவே கஷ்டப்படுகிறீர்கள் என்று தெரிந்தபின் அதை மட்டும் வாங்குங்கள். பட்டியல் ஆச்சரியமாகச் சின்னதாக இருக்கும்.

ஒரு வேலை பாக்கி. ஆறு மாதம் கழித்து, இன்னும் பிரிக்காமல் மூலையில் கிடக்கிற பெட்டிகளை எண்ணுங்கள். எண்ணிக்கையை ஒன்றரையால் பெருக்கி, அதை அறுபதால் பெருக்குங்கள். வருகிற தொகையை அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த தடவை வீடு மாறும்போது முதலில் திறக்க வேண்டியது அந்தப் பக்கத்தைத்தான்.